பதில்: சின்னக் கல்லூரி குவார்ட்டர்பேக்கை (அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) முதல் சுற்றில் எடுக்கலாமா?

"ஒரு சீசன் முழுக்க இன்டர்செப்ஷனே (எறிந்த பந்து எதிரணி கையில் சிக்குவது) கொடுக்கவில்லை, எஃப்சிஎஸ் (கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் மட்டம்) ஆளாக இருந்தால்தான் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு எண்ணை நம்பி உங்கள் ஃபேன்டஸி லீக்கின் (நிஜ வீரர்களை வைத்து ஆடும் கற்பனை அணிப் போட்டி) முதல் தேர்வைச் செலவழிக்க வேண்டாம். டிரே லான்ஸ் 2019இல் நார்த் டகோட்டா ஸ்டேட் என்ற எஃப்சிஎஸ் கல்லூரிக்கு 28 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்தார், இன்டர்செப்ஷன் பூஜ்யம். 2021இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) மூன்றாவதாகப் போனார், ஆனால் அவரை எடுத்த சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் நிலைக்கவில்லை. கல்லூரியில் அவர் தொடக்க வீரராக ஆடியதே 17 ஆட்டங்கள்தான். அணியும் பலமானது, பின்தங்கிய நிலையில் பந்தெறியும் கட்டாயம் அவருக்கு அரிதாகத்தான் வந்தது.

வீடியோ கிடைத்தால் பந்து எப்போது கையை விட்டுப் போகிறது என்று பாருங்கள். ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு எறிவது அந்த மட்டத்தில் செல்லும். என்எஃப்எல்லில் ரிசீவர் திரும்பும் முன்பே எறிந்தாக வேண்டும். அப்புறம், சீனியர் பவுல் (டிராஃப்டுக்கு முன் கல்லூரி வீரர்களுக்கு நடக்கும் கண்காட்சி ஆட்டம்) பயிற்சி வாரம். பெரிய கல்லூரித் தடுப்பாட்டக்காரர்களோடு மோதும் அந்த சில நாட்களை முழு சீசனைவிட நான் அதிகம் நம்புவேன்.

எறிந்த பந்துகள் கைசேரும் சதவீதமும் ஏமாற்றும். பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரமான ஜாஷ் ஆலன் வயோமிங் கல்லூரியில் 56 சதவீதம்தான்! உங்கள் ஆள் ஒரே ஒரு வருடம்தான் தொடக்க வீரராக ஆடியிருக்கிறார் என்றால், மூன்றாம் சுற்று வரை காத்திருங்கள்.