முழுப்பக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு முழுப்பக்க நாளிதழ் விளம்பரத்தைக் காமிக்ஸாகச் செய்கிறோம். அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கேயின் முழுப்பக்க ஞாயிறு காமிக்ஸ் ‘லிட்டில் நெமோ’தான் மனதில். 12 கட்டங்கள், ஏறக்குறைய ஒரே அளவு. நடுவே வலப்பக்கம் ஒன்று மட்டும் நெட்டை. திரையில் பளிச்சென்று இருந்தது. சோதனை அச்சில் வண்ணம் கலங்கி, பேச்சு பலூன் எழுத்துகளைச் சுற்றி நிழலடிக்கிறது. கதை வரிசையும் சிலருக்குப் பிடிபடவில்லை. எங்கே தவறு?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நெமோவை மனதில் வைத்துக்கொண்டு காலண்டர் வரைந்திருக்கிறீர்கள். 1908 ஜூலை 26 பக்கத்தைப் பாருங்கள். கட்டிலின் கால்கள் நீள நீளக் கட்டங்களும் உயர்கின்றன. அங்கே கட்டத்தின் அளவே கதை. ஒரே அளவுக் கட்டங்களுக்குப் பிற்காலத்தில் வேறு காரணம் இருந்தது. பத்திரிகைகள் வெட்டி மாற்றி அடுக்க வசதியாக ஞாயிறு காமிக்ஸை அப்படி வரைந்தார்கள். அந்த வெட்டு வேண்டாமென்றுதான் பில் வாட்டர்சன் 1992-ல் தன் ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ காமிக்ஸின் ஞாயிறு பகுதியைப் பிரிக்க முடியாத அரைப்பக்கமாக்கினார். உங்கள் பக்கத்தை யாரும் வெட்டப்போவதில்லையே! 12 கட்டங்களை எட்டாக்கி, ஒன்றைப் பெரிதாக்குங்கள்.

வரிசை குழம்புவது அந்த நெட்டைக் கட்டத்தால். இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு, வலப்பக்கம் நெட்டையாக ஒன்று என்றால், காமிக்ஸ் படித்துப் பழகியவர் கீழே இறங்குவார். பழகாதவர் வலப்பக்கம் தாவிவிடுவார். நெட்டையை இடப்பக்கம் வைத்தால் தீர்ந்தது. முடியாதென்றால், மேல்கீழ்க் கட்டங்களின் இடைவெளியைக் குறைத்து, நெட்டைக்கு முன்னால் கூட்டுங்கள். மெக்கேகூட ஆரம்பப் பக்கங்களில் கட்டங்களுக்கு எண் போட்டார், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரிய தாள் குறுக்கே மடிந்துதான் கைக்கு வரும். மடிப்பு இரு வரிசைகளுக்கு இடையில் விழட்டும், முகத்திலோ பலூனிலோ அல்ல. மேல்பாதி மட்டும் கண்ணில் பட்டாலும் ஆளை நிறுத்தவேண்டும் என்பதால் பெரிய கட்டம் அங்கேதான் வரவேண்டும்.

இனி அச்சு. நியூஸ்பிரிண்ட் (நாளிதழ்த் தாள்) மையை உறிஞ்சும், வண்ணச் சாயலை உண்டாக்கும் மைப்புள்ளிகள் பரவும். 50 சதவீதம் என்று கொடுத்த சாயல் 75 அளவுக்கு இருண்டு தெரியும். அதனால்தான் கலங்கல். நடுச்சாயல்களை வெளுப்பாக்குங்கள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் கூட்டுத்தொகை எந்த இடத்திலும் 240 சதவீதத்தைத் தாண்டவேண்டாம். தாண்டினால் பின்பக்கத்தில் ஊறித் தெரியும், எதிர்ப்பக்கத்திலும் ஒட்டும். அச்சகம் வேறு வரம்பு சொன்னால் அதுதான் கணக்கு.

எழுத்தைச் சுற்றிய நிழல் வேறு நோய். திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்திலிருந்து அச்சு வண்ணத்துக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மைகளாகப் பிரிந்திருக்கும். வேகமாக ஓடும் எந்திரத்தில் மைக்கு ஒன்றாக இருக்கும் பிளேட்டுகள் (அச்சுத் தகடுகள்) ஒரு நூலிழை நகர்ந்தாலே விளிம்பில் வண்ணம் எட்டிப்பார்க்கும். எழுத்து 100 சதவீதக் கறுப்பு மட்டும், ஓவர்பிரிண்ட், அதாவது பின்னணி வண்ணத்தின் மேலேயே அச்சாகவேண்டும். வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் தடித்த எழுத்துரு, 10 பாயிண்டுக்குக் குறையாமல்.

அனுப்பும் முன் பிடிஎஃப்பில் கறுப்பு பிளேட்டைத் தனியே திறந்து பாருங்கள். பலூனின் கறுப்பு எழுத்து முழுக்க அதில் இருக்கவேண்டும், மற்ற மூன்றிலும் அதன் சுவடுகூடத் தெரியக்கூடாது.