டைரியில் 'சாட்டிங்' என்றால் அரட்டை அல்ல

கேள்வி: 1916-இல் பிரான்ஸ் போர்முனையில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரின் டைரியைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். "விடியலில் ஸ்டாண்ட்-டு. பிறகு இரண்டு ஜாக் ஜான்சன் வந்தன. சாயங்காலம் சாட்டிங். பில்லுக்கு ஒரு பிளைட்டி, கொடுத்து வைத்தவன்" என்று போகிறது. அகராதி கைகொடுக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இந்த நாலு வரியில் இரண்டு வகைச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. ஸ்டாண்ட்-டு ராணுவம் கொடுத்த சொல். மற்ற மூன்றும் சிப்பாய்கள் தாங்களே சூட்டியவை. முதலில் இதைப் பிரித்துவிடுங்கள்.

ராணுவச் சொற்களைத் தயங்காமல் தமிழாக்கலாம். பதுங்குகுழியின் முன்பக்க மண்மேடு முன்வரப்பு, பின்பக்கத்தது பின்வரப்பு, ஏறி நின்று சுடுவதற்கான படிக்கட்டு சுடுமேடை. விடிவதற்கு முன்பும் பொழுது சாயும்போதும் எல்லோரும் துப்பாக்கி முனையில் பயனெட் கத்தியை மாட்டிக்கொண்டு அந்த மேடையில் தயாராக நிற்பதுதான் ஸ்டாண்ட்-டு. அரையிருட்டில்தான் தாக்குதல் வரும் என்ற பயம்.

சிப்பாய்ச் சொற்களில்தான் வழுக்கும். ஜாக் ஜான்சன் 1915 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த கறுப்பின அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். ஜெர்மானியர்களின் கனரக ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு, வெடித்தால் கரும்புகை எழும்பும். அதனால் அந்தப் பெயர். அதில் இருக்கும் நிறக் கேலியை மழுப்பாமல் அப்படியே வைத்து, அடிக்குறிப்பு போடுங்கள்.

'விஸ்-பாங்' என்றும் வரும். அது 77 மில்லிமீட்டர் பீரங்கியின் ஷெல். சீறலும் வெடிப்பும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும், குனியக்கூட நேரம் இருக்காது. ஆனால் "வீட்டுக்கு ஒரு விஸ்-பாங் அனுப்பினேன்" என்றிருந்தால் பதற வேண்டாம், அது தபால் அட்டை. 'நான் நலம்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்ற வரிகள் அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வேறு எதையாவது சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்று அட்டையிலேயே எச்சரிக்கையும் உண்டு.

சாட்டிங்? 'சாட்' என்றால் சீலைப்பேன். சட்டையைக் கழற்றி, தையல் ஓரமாக மெழுகுவத்திச் சுடரை ஓட்டுவார்கள். மடிப்புக்குள் இருக்கும் பேன் முட்டை படபடவென்று வெடிக்கும். துணி கருகாமல் அதைச் செய்வது ஒரு கலை. கூட்டமாக உட்கார்ந்து பேன் பார்த்ததிலிருந்துதான் இன்றைய 'சாட்' பிறந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். அரட்டை என்ற பொருளில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகவே இருக்கிறது.

பிளைட்டி நம் ஊர்ப்பக்கம் வந்து போன சொல். உருதுவின் 'விலாயத்தி' இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாயில் அப்படித் திரிந்து, இங்கிலாந்தைக் குறித்தது. உங்கள் டைரியில் அது காயம்: உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எதிரிலிருந்த ஜெர்மானியனும் அதையே 'ஊர்க் குண்டு' என்ற பொருள்பட 'ஹைமாட்ஷுஸ்' என்றான். நான் 'சீமைக் காயம்' என்றே எழுதுவேன். இங்கிலாந்தைச் சீமை என்று சொல்லிப் பழகிய மொழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கஷ்டம். அதேபோல் டீ வரும் 'டிக்ஸி' நம் கல்யாண வீட்டு தேக்சாவேதான், இரண்டுக்கும் மூலம் ஒன்று. சுகமான வேலையைச் சொல்லும் 'குஷி' அங்கே உச்சரிப்பு கொஞ்சம் மாறி ஒலிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் பிரெஞ்சுக் கலப்பு. கடைக்காரர்கள் "தீர்ந்துபோச்சு" என்று பிரெஞ்சில் சொன்னது சிப்பாய்களுக்கு 'நாப்பூ' என்று கேட்டது. ரொட்டியும் நாப்பூ ஆகும், ஆளும் நாப்பூ ஆவான். இடத்தைப் பார்த்து 'காலி' என்று எழுதுங்கள், இரண்டுக்கும் பொருந்தும். 'வைப்பர்ஸ்' என்று வந்தால் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரம். முதல் தடவை மட்டும் உண்மைப் பெயரைப் பக்கத்தில் போட்டுவிட்டு, பிறகு அவர் வாயில் வந்தபடியே விட்டுவிடுங்கள்.