மின்னலுக்குப் பயந்து காட்டை விட்டு வந்தால் ஆப்செண்டா?

கேள்வி: வணக்கம் ஐயா. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் காலையில் பேய்க்காற்றும் இடியுமாக வந்தது. குலை வெட்டும் ஒன்பது பேர் கங்காணிக்குப் போன் போட்டார்கள். "கொஞ்சம் பாருங்க, விட்டுரும்" என்றாராம். அவர்கள் கம்புகளைப் போட்டுவிட்டு ஸ்டோருக்கு ஓடி வந்துவிட்டார்கள். மேனேஜர் ஒன்பது பேருக்கும் அன்று ஆப்செண்ட் போட்டு, மூன்று பேருக்குக் காரணம் கேட்டுக் கடிதமும் கொடுத்தார். இப்போது என்னைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்கிறார். புயல், வெள்ளத்துக்கு ஒரு திட்டம் எழுதி ஒட்டச் சொல்கிறார். எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு ஏதாவது நடந்தால் என் தலையில்தானே விழும்?

பதில்: முதலில் அந்த ஒன்பது பேர். மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் புதிதாக வந்த 26A பிரிவு இவர்களுக்காகவே எழுதினதுபோல் இருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ கடுமையான ஆபத்து நெருங்கிவிட்டது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடமோ அவருடைய ஆளிடமோ சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இங்கே கங்காணிக்குப் போட்ட போன்தான் உயிர்நாடி. போனில் அந்த அழைப்பின் பதிவு இருந்தால் இன்றைக்கே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆபத்து நியாயமானதா என்று மேனேஜர் கேட்பார். தலைக்கு மேலே பல மீட்டர் நீளும் அலுமினியக் கம்பைப் பிடித்துக்கொண்டு இடி மழையில் நிற்பதை எந்த அதிகாரியும் சாதாரண விஷயமாகப் பார்க்க மாட்டார். தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று விடியலிலும் காலையிலும்தான் அடிக்கும். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போகிற அதே நேரம். வருஷா வருஷம் வருவதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்வது எடுபடாது.

அடுத்து உங்கள் தலை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒருங்கிணைப்பாளரை நியமிப்பது முதலாளியின் கடமை. அதற்குப் பயிற்சி உண்டு. உங்களை அனுப்பாமல் பெயரை மட்டும் போட்டிருந்தால், அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று வழிமுறை வகுத்து, அதை நடைமுறைப்படுத்துவது 15ஆம் பிரிவுப்படி முதலாளியின் பொறுப்பு. கிராணி எழுதினார் என்பதால் அது உங்களுக்குக் கைமாறிவிடாது. மீறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனம் குற்றம் செய்தால் இயக்குநர், மேனேஜர் போன்றோரையும் தனியாகக் குற்றம் சாட்ட இன்னொரு பிரிவு இருக்கிறது. நிர்வாகத்தில் உதவுகிறவர்களையும் அந்தப் பிரிவு விடவில்லை என்பதால், உங்களுக்குக் கொஞ்சமும் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தன்னால் ஆன எச்சரிக்கையெல்லாம் எடுத்தேன் என்று காட்டுவதுதான் அப்போது தற்காப்பு. ஆகவே கண்ணில் பட்ட குறையை வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி.

சரி, அந்தத் தாள். "அனைவரும் பெரட்டுக் களத்தில் கூடவும்" என்று இருக்கிறது. படத்தின் ஓரத்தில் களம் தெரிகிறது. நடுவில் பெரிய மழைமரம்! புயலுக்கு ஒதுங்க மரத்தடியா? அதை முதலில் மாற்றுங்கள். காட்டின் எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கட்டடம் கிட்டே இருக்கிறது, லோரி எங்கே நிற்கும், இடி கேட்டதும் "வேலையை நிறுத்து" என்று சொல்ல யாருக்கு அதிகாரம், எல்லாம் அதில் வர வேண்டும். கங்காணிக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பப் போவது பொதுவான வழக்கம்.

வெள்ளம் என்றால், களைக்கொல்லி மருந்து வைக்கும் ஸ்டோர்தான் என் கவலை. களைக்கொல்லி டிரம்கள் தரையில் இருந்தால் மேடைக்கு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வாசல்வரை அதைக் கொண்டுவரும். ஸ்டோர் சாவி டவுனில் குடியிருக்கும் ஒருவர் பையில் மட்டும் இருக்கக் கூடாது. 2021 டிசம்பர் 18இல் சிலாங்கூரில் சாலைகள் மூழ்கியபோது பலரால் வீட்டுக்கே போக முடியவில்லை. வானிலை இலாகாவான மெட் மலேசியா ஆரஞ்சு எச்சரிக்கை விட்டதும் யார் என்ன செய்வது என்று இரண்டு வரி போதும். பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். புரியாத தாளைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள்.

யாருக்காவது அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் அதில் சேர்த்தி.

சம்பளத்தில் பிடித்தம் செய்திருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. பாதுகாப்புப் புகார் ஜே.கே.கே.பி.க்கு (தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா). வேலையை விட்டே நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் கஷ்டம். இப்போதைக்கு அந்த மூன்று பேரும் கடிதத்துக்குப் பதில் எழுதட்டும்: எத்தனை மணிக்கு இடி, எத்தனை மணிக்குக் கங்காணிக்குப் போன், அவர் சொன்ன வார்த்தை. கோபம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஆபீஸில் கொடுக்கும்போது நகலில் முத்திரை குத்திக் கொடுங்கள். அதை நீங்களே செய்யலாமே, முத்திரை உங்கள் மேசையில்தானே இருக்கிறது.