நூல்கண்டு டாங்கி ஏன் நகரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் எட்டு வயது மகனும் ஐந்து வயது மகளும் இருக்கிறார்கள். விடுமுறையில் காலி நூல்கண்டு, ரப்பர் பேண்ட், குச்சி வைத்து டாங்கி செய்தோம். முறுக்கிக் கீழே வைத்தால் குச்சி மட்டும் விர்ரென்று சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ரப்பரை மாற்றியதும் அதுவும் நின்றுவிட்டது. பையன் தூக்கிப் போட்டுவிட்டான். வீடியோக்களில் வருவதெல்லாம் பசைத் துப்பாக்கி இல்லாமல் முடியாது. நாங்கள் செய்கிறோம், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

அந்த டாங்கியைக் கைவிடாதீர்கள். வீட்டில் செய்யும் பொம்மைகளில் இதைவிட நல்லதாக ஒன்றைச் சொல்வது கடினம். அது ஓடாததற்குக் காரணம் எப்போதும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும், எட்டு வயதுப் பிள்ளையால் கண்டுபிடித்துவிட முடியும்.

முதலில் பாகங்கள். இரண்டு பக்கமும் விளிம்பு உள்ள சிறிய நூல்கண்டு வேண்டும்; தையல்கடையில் கேட்டால் காலியானதைச் சும்மாவே தருவார்கள். ரப்பர் பேண்ட், தட்டையாக வைத்தால் கண்டின் நீளம் இருக்க வேண்டும். ஒரு நூலை அதில் கோத்து, நூலைத் துளைக்குள் விட்டு மறுபக்கம் இழுத்தால் ரப்பர் தானாக வந்துவிடும். இதைக் குழந்தையே செய்யட்டும். ஒரு பக்கம் வந்த வளையத்தில், விளிம்பைவிடக் குட்டையாக ஒடித்த தீக்குச்சியைச் செருகி, விளிம்போடு செலோடேப் போட்டு ஒட்டுங்கள். மறுபக்க வளையத்தை முதலில் ஒரு மெழுகுவர்த்தி வில்லைக்குள் நுழைத்து, பிறகு குச்சி ஐஸின் குச்சியை அதில் செருகுங்கள்.

வில்லை ஒரு சென்டிமீட்டர் தடிமன் போதும். கத்தியைச் சூடுகாட்டி வெட்டினால் மெழுகு உதிராது. திரியை உருவிவிட்டு, காய்ச்சிய ஆணியால் துளையைப் பெரிதாக்க வேண்டும். இந்த இரண்டு வேலையும் பெரியவர்களுடையது. மெழுகு இல்லையென்றால் பழைய மாலையிலிருந்து ஒரு பெரிய மணி.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். குச்சியின் நுனி தரையில் ஊன்றி நின்றால்தான் ரப்பரின் முறுக்கு கண்டைச் சுழற்றும். குச்சி சுதந்திரமாகச் சுற்றினால் அது தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். குச்சியை நடுவில் செருகாமல் ஓரத்தில் செருகி, ஒரு பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். மறுபக்கத் தீக்குச்சி டேப்பிலிருந்து கழன்று தானும் சுற்றினாலும் வண்டி நகராது, அதையும் பாருங்கள்.

ரப்பரை மாற்றியபின் அசையாமல் போனதற்குப் பெரும்பாலும் ரப்பர் குட்டையாக இருந்ததே காரணம். அது குச்சியை விளிம்போடு இறுக்கிப் பிடிக்கிறது, முறுக்கு வெளியே வர வழியில்லை. மெழுகு வில்லை இருப்பது அந்த உராய்வைக் குறைக்கத்தான். அதை விட்டுவிட்டுச் செய்பவர்களே அதிகம். மூன்றாவது சிக்கல் டைல்ஸ் தரை. பிளாஸ்டிக் விளிம்பு வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டு விளிம்பிலும் ஒவ்வொரு ரப்பர் பேண்டை டயர்போல மாட்டுங்கள். கோரைப்பாயில் அது இல்லாமலே ஓடும்.

முறுக்குவது முதலில் இருபது சுற்று. ஓடத் தொடங்கியபின் பையனிடம் ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும். நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, ஓர் அட்டையைச் சாய்த்து ஏறவிட்டால், எத்தனை நோட்டு உயரம்வரை ஏறுகிறது, ரப்பரை இரட்டையாக்கினால் என்ன ஆகிறது என்று அவனே எழுதி வைப்பான். நீங்கள் கையை நீட்டாமல் இருக்க வேண்டும். அதுதான் இதில் கடினமான பகுதி.

பசைத் துப்பாக்கியைப் பற்றி: அது தேவைப்படும் பொம்மையைக் குழந்தையால் பிரிக்க முடியாது. பிரித்து மாட்ட முடியாததைக் குழந்தையால் கற்றுக்கொள்ளவும் முடியாது. கத்தரிக்கோல், டேப், நூல் இவற்றோடு நிற்கும் பொம்மைகளை மட்டும் எடுங்கள். பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லித்தரும் அர்விந்த் குப்தா, 1970களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் ஈடுபட்ட நாளிலிருந்து தீக்குச்சி, சைக்கிள் வால்டியூப் என்று கிடைத்ததை வைத்தே செய்து காட்டியவர். அவருடைய தளத்தில் எல்லாம் இலவசம்.

மகளுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன்: பொத்தான் சுற்றி. டம்ளர் வாயை வைத்து வரைந்து, செருப்புப் பெட்டி அட்டையில் ஒரு வட்டம் வெட்டுங்கள். நடுவில் பெரிய கோட்டுப் பொத்தானை ஒட்டி, அதன் எதிரெதிர் துளைகளுக்கு நேராக அட்டையிலும் துளையிடுங்கள். பொத்தான் இருப்பதால் நூல் அட்டையை அறுக்காது. மையம் தப்பினால் தட்டு ஆடும். அதே அளவில் ஒரு தாள் வட்டம் வெட்டி இரண்டுமுறை மடித்தால் மையம் சரியாகக் கிடைக்கும். ஒரு மீட்டர் குரோஷா நூலை இரண்டு துளையிலும் கோத்து முடிச்சுப் போட வேண்டும். மெல்லிய தையல்நூல் விரலை அறுக்கும். மாஞ்சா பூசிய நூல் கூடவே கூடாது.

இரண்டு முனையையும் விரலில் மாட்டி, கயிறு சுற்றுவதுபோல இருபது சுற்று சுற்றி இழுங்கள். எல்லாக் குழந்தைகளும் இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள், தட்டு நின்றுவிடும். நூல் முழுக்கப் பிரியும் நொடியில் கையைத் தளர்த்தினால் தட்டு தன் வேகத்திலேயே எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். ‘இழு, விடு’ என்று சொல்லிக்கொண்டே பழகலாம். இதே தத்துவத்தில்தான் ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு, ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும் காகித மையவிலக்குக் கருவி ஒன்றைச் செய்து 2017இல் வெளியிட்டது. எடை 2 கிராம். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று.

தட்டில் வண்ணம் அடிப்பது மகளின் வேலை. பாதி மஞ்சள், பாதி கருநீலம். பச்சை வரும் என்பாள், வராது. மங்கிய சாம்பல் நிறம்தான் தெரியும், ஏனென்றால் இங்கே கலப்பது சாயம் அல்ல, கண்ணுக்கு வரும் ஒளி. சிவப்பும் பச்சையும் அடித்துப் பார்க்கட்டும்.

சுற்றும்போது தலைமுடியும் முகமும் தள்ளி இருக்கட்டும். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை வீட்டுக்கு வந்தால் பொத்தான், மணி, ரப்பர் மூன்றையும் மேலே எடுத்து வைத்துவிடுங்கள்.

டாங்கி மறுபடி மக்கர் செய்தால் எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்று பையனையே எழுதச் சொல்லுங்கள். அது தெரிந்தால் பதில் சொல்லிவிடலாம்.

அன்புடன்