நண்பன் செய்தாலும் தப்பு தப்புதான்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருக்கிறேன். நம் விமானிகள் அமெரிக்காவில் பயிற்சி எடுக்கிறார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நம் சாங்கி கடற்படைத் தளத்துக்கு வந்து போகின்றன. அப்படியிருந்தும் ஐநாவில் சில சமயம் அமெரிக்காவுக்கு எதிராக வாக்களிக்கிறோம். சின்ன நாடு, பலசாலி பக்கமே நின்றுவிட்டால் நிம்மதிதானே?

ஈசூன் வாசகர்

அன்புள்ள தம்பி,

நிம்மதி என்ற சொல்லைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பிரிட்டனின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெல்டர் அவர். 'வெள்ளைக்காரன் இருக்கிறவரை நமக்கென்ன' என்பார். 1968 ஜனவரியில், படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் போவதாக பிரிட்டன் அறிவித்தது. அன்று அப்பா காப்பியைத் தொடவே இல்லை. ஆடை படிந்து மேசையிலேயே ஆறிக் கிடந்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களிலிருந்து வந்த காலம் அது. பிரிட்டனுக்கு நம்மேல் கோபமில்லை. அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, கிளம்பினார்கள்.

அப்புறம் 1983. கிரெனடா என்ற கரீபியன் தீவு நாட்டுக்குள் அமெரிக்கா படையை இறக்கியது. நம்மில் பாதிகூட இல்லாத இடம். ஐநா பொதுச்சபையில் அதைக் கண்டித்து 108 நாடுகள் வாக்களித்தன. சிங்கப்பூரும் அதில் ஒன்று. அதற்கு முன், கம்போடியாவுக்குள் வியட்நாம் புகுந்ததை வருடக்கணக்காக நாம் எதிர்த்துப் பேசிவந்தோம். அதே காரியத்தை நண்பன் செய்யும்போது வாயை மூடிக்கொண்டால், நாளைக்கு நம் கரையில் யாராவது இறங்கும்போது எந்த வாயால் நியாயம் கேட்பது?

அந்த வாக்கால் நட்பு முறியவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏழே வருடத்தில், 1990இல், நம் தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்திக்கொள்ளும் உடன்பாடு கையெழுத்தானது. இன்றுவரை நமக்குள் ராணுவக் கூட்டணி ஒப்பந்தம் கிடையாது. 2022இல் உக்ரேனுக்காக ரஷ்யாமீது தடை விதித்தோமே, அதையும் அமெரிக்காவுக்காகச் செய்ததாக நான் பார்க்கவில்லை. கிரெனடாவுக்குச் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னோம்.

எப்போதும் சரியாக நடந்துகொண்டோம் என்று சொல்ல மாட்டேன். 2003இல் ஈராக் போரை ஆதரித்த நாடுகளின் பட்டியலில் நாமும் இருந்தோம். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் குவியல் கிடைக்கவே இல்லை. ஐநா அனுமதியில்லாமல் போகாதீர்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் ஈராக்கை எப்படிப் பார்க்கிறீர்கள்? முகாமிலிருந்து புக்-அவுட் ஆகி வீட்டுக்கு வரும் வாரக்கடைசியில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா