ஓடுபாதையின் மறுமுனையைப் பார் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஈப்போவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். செஸ்னா 172. இதுவரை 21 மணி நேரம் பறந்துவிட்டேன், இன்னும் தனியாகப் பறக்க விடவில்லை. என்னோடு சேர்ந்த பையன் 14 மணி நேரத்திலேயே சோலோ (பயிற்சியாளர் இல்லாமல் தனியாக) போய்விட்டான். எனக்குத் தரையிறக்கம்தான் பிடிபடவில்லை. ஒரு நாள் நன்றாக வருகிறது, அடுத்த வகுப்பில் மறுபடியும் குதிக்கிறது. நான் பறந்த நேரங்களைக் குறித்து வைக்கும் லாக்புக் பக்கங்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். எனக்கு இது ஒத்துவராதா? விட்டுவிடலாமா?

பதில்: விடாதே தங்கச்சி. உன் லாக்புக்கை இரண்டு முறை வரி வரியாகப் படித்தேன். கடந்த ஐந்து மாதத்தில் நீ பறந்தது ஒன்பது முறை. அதில் ஏழு முறை, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். உன் சிக்கல் முழுக்க இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது.

முதலில் இடைவெளி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பறந்தால், கையும் காலும் கற்றதில் பாதி அதற்குள் மங்கிவிடும். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் அரை மணி, போன வகுப்பில் விட்ட இடத்துக்குத் திரும்புவதற்கே செலவாகிறது. அந்தப் பையன் எத்தனை நாளுக்கு ஒரு முறை பறந்தான் என்று கேட்டுப் பார். திறமையை ஒப்பிடுவதற்கு முன் தேதிகளை ஒப்பிட வேண்டும்.

அப்புறம் பிற்பகல். என் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இருப்பார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். சின்ன விமானத்துக்கும் அதே கணக்குதான். கிந்தா பள்ளத்தாக்கை மேலிருந்து பார்த்திருப்பாய்: பழைய ஈயச் சுரங்க (லம்பத்து) மணல், பக்கத்திலேயே குளம், அடுத்து செம்பனை, அதற்கடுத்து வீட்டுக் கூரைகள். மதிய வெயிலில் மணலும் கூரையும் கொதித்துக் காற்றை மேலே தள்ளும். குளத்துக்கும் பனைக்கும் மேலே அதே காற்று கீழே இறங்கும். நீ இறங்கி வரும்போது ஒன்று தூக்கும், அடுத்தது அமுக்கும். அதைத் திருத்தத் திருத்த, 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) என்று நிற்க வேண்டிய வேகம் 58க்கும் 75க்கும் அலையும். அனுபவசாலிகளே சிரமப்படும் நேரத்தில் நீ அரிச்சுவடி படிக்கிறாய். போதாததற்கு மழைமேகம் திரண்டால் வகுப்பே ரத்து.

கூடுதல் காசு வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பதை, மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு, இரண்டு நாளும் காலை முதல் வகுப்பு என்று மாற்று. அந்த இரண்டு மணி நேரமும் வேறெதுவும் வேண்டாம், சர்க்கிட் (ஏறி, ஓடுபாதையைச் சுற்றி வந்து, மறுபடி இறங்குவது) மட்டும் போதும் என்று பயிற்சியாளரிடம் கேள். நேற்று செய்த தவறு உடம்பில் ஈரமாக இருக்கும்போதே இன்று திருத்துவதற்கு இணையே இல்லை.

இனி கண். எனக்கும் 19 மணி நேரம் வரை இதே கதைதான். தரை நெருங்க நெருங்க மூக்குக்கு முன்னால் ஓடுகிற தாரைத்தான் பார்ப்பேன். அது விரைவாக ஓடுவதால் தரை பக்கத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும், பதறி இழுப்பேன், விமானம் மறுபடி மேலே எழும்பும். ஒரு நாள் என் பயிற்சியாளர், வயதான மனிதர், "ஓடுபாதையின் மறுமுனையைப் பார், வேறு எதையும் பார்க்காதே" என்றார். எனக்கு உடனே அம்மா ஞாபகம். சின்ன வயதில் காண்டா கம்பில் (தோளில் வைத்து இரு முனையிலும் சுமை தொங்கவிடும் கம்பு) பால் வாளிகளைத் தூக்கிப் பழகும்போது நான் வாளியையே பார்த்து நடந்து பாலைச் சிந்துவேன். "ஸ்டோரைப் பார்த்து நடடி" என்பார் அம்மா, பால் நிறுக்கும் கொட்டகையைத்தான் சொல்வார். தூரத்தைப் பார்த்தால் உடம்பு தானாக நிதானத்துக்கு வரும்.

தரைக்குப் பதினைந்து, இருபது அடி இருக்கும்போது கண்ணை மறுமுனைக்குக் கொண்டுபோ. மூக்கை மெல்ல உயர்த்தி விமானத்தை ஓடுபாதைக்கு இணையாக நிறுத்து. அதற்குப் பிறகு உன் வேலை அதை இறக்குவது அல்ல, இறங்க விடாமல் பிடித்திருப்பது. வேகம் வடிய வடிய இன்னும் கொஞ்சம் இழு. பின்சக்கரங்கள் தாமாக உட்காரும். மேலே எழும்பிவிட்டால் மூக்கை மட்டும் கீழே தள்ளாதே. அப்படித் தள்ளித்தான் முன்சக்கரம் அடிபடுகிறது. எஞ்சின் விசையைக் கூட்டும் திராட்டலை முழுதாகக் கொடு, மறுபடி சுற்றி வா. சுற்றி வருவது தோல்வி என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இன்னொன்று, யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நான் குள்ளம். ஒரு நாள் இருக்கையை உயர்த்தி உட்காருவேன், மறுநாள் அப்படியே உட்காருவேன். கண்ணின் உயரம் மாறினால் ஓடுபாதை தெரியும் வடிவமே மாறிவிடும், நேற்று கற்றது இன்று பொய்யாகிவிடும். வீட்டிலிருந்து ஒரே மெத்தையைக் கொண்டுபோக ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் சோலோ போனேன்.

தனியாக ஏறும் நாளில் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்: பக்கத்தில் ஆள் எடை இல்லாததால் விமானம் வழக்கத்தைவிட விரைவாக மேலேறும், இறங்கும்போது இன்னும் கொஞ்ச தூரம் மிதக்கும். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் வேண்டும், அதில் 10 மணி தனியாக. எத்தனையாவது மணி நேரத்தில் சோலோ போனாய் என்று அந்த உரிமத்தில் எழுதுவதில்லை.

கேள்வி: எனக்கு வயது 52. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பள்ளித் தேர்வு) முடித்துவிட்டான், விமானியாக வேண்டுமாம். பயிற்சிப் பள்ளியில் சொல்லும் தொகைக்கு வீட்டை அடமானம் வைத்தால்தான் முடியும். வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. என் சொந்தத் தம்பி கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். முதலில், வணிக விமானிக்குத் தேவையான முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் அவனுக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவர்கள்தான் அதைத் தர முடியும். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை. நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் சிக்கல், அது பலருக்கு அந்தச் சோதனையில்தான் தெரிய வருகிறது. லட்சக்கணக்கான வெள்ளியைக் கட்டிய பிறகு தெரிய வேண்டாம்.

அடுத்து, ஒரே ஒரு மணி நேரம் சின்ன விமானத்தில் பறக்கவிட்டுப் பாருங்கள். 17 வயதிலேயே தனியார் உரிமம் எடுக்கலாம். ஒரு வேலையில் இருந்துகொண்டே அதைத் துண்டு துண்டாக முடித்தால், ஆசை எவ்வளவு ஆழம் என்று அவனுக்கே தெரியும். வணிக உரிமம் கையில் இருந்தால் மட்டும் வேலை உறுதி கிடையாது, அதையும் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எந்தப் பள்ளியானாலும் மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். நான் கட்டினேன். விமானங்கள் பழுதாகி மாதக்கணக்கில் நின்றன, பாதிப் பணம் திரும்பவே இல்லை. அது அப்பாவின் ஓய்வுக்காலக் காசு, இன்றும் வலிக்கிறது. கட்டம் கட்டமாகக் கட்ட விடாத பள்ளி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: லங்காவியில் பயிலும் மாணவன். எங்கள் செஸ்னா 152இல் இறங்கும் முன் கார்புரேட்டர் ஹீட்டை (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகத்துக்குச் சூடான காற்றை அனுப்பும் பிடி) இழுக்கச் சொல்கிறார்கள். வெளியே 32 டிகிரி வெயிலில் பனி எப்படி உறையும் அக்கா?

பதில்: உறையும் தம்பி. வீட்டில் நீண்ட நேரம் சமைத்தால் கேஸ் தோம்பு வெளியே வேர்க்கிறதே, பார்த்திருக்கிறாயா? திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகிறது, குறுகிய கழுத்தில் காற்றும் விரிந்து குளிர்கிறது. வெப்பம் 30 டிகிரிக்கு மேலும் குறையலாம். நம் காற்றிலோ ஈரம் நிறைய. திராட்டலைக் குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம், மூடிய வால்வின் ஓரத்தில் பனி படியும்.

ஹீட்டை இழுத்தவுடன் ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கொஞ்சம் குறையும், அது இயல்பு. பனி இருந்தால் அது கரைந்து தண்ணீராக உள்ளே போகும்போது எஞ்சின் சற்று இருமும், பிறகு ஆர்.பி.எம். ஏறும். அந்தச் சத்தத்தில் பயந்து பிடியை உள்ளே தள்ளிவிடாதே, கரைந்து முடியும்வரை இழுத்தபடியே வைத்திரு.