ஓவர்கோட்டில் பட்டையை எங்கே தைப்பது?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் மீள்நிகழ்த்தல் குழுவில், வடக்குப் படையின் காலாட்படை சார்ஜன்ட்டாக நிற்கிறேன். புதிதாக ஒரு வானநீல ஓவர்கோட் வாங்கினேன். பதவியைக் காட்டும் ‘V’ வடிவப் பட்டை மூன்றையும் முழங்கைக்கு மேலே வைத்துப் பார்த்தால், கோட்டோடு வரும் கேப் (தோளிலிருந்து தொங்கும் மேல்போர்வை) அதை அப்படியே மூடிவிடுகிறது. குழுவில் ஒருவர் முழங்கைக்குக் கீழே தைக்கச் சொல்கிறார். விற்றவரோ, கோட்டைத் திருப்பி அனுப்பிக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தால் தானே தைத்துத் தருவதாகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் விற்றவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1861ஆம் ஆண்டு ராணுவ விதியில் இதற்கு நேரடியான பதிலே இருக்கிறது. சீருடைக் கோட்டிலும் சரி, ஓவர்கோட்டிலும் சரி, இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேலே, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும்படி, அரை அங்குல அகல நாடாவில் பட்டை இருக்க வேண்டும். ஆனால் அதே விதிதான் காலாட்படை ஓவர்கோட்டின் கேப், கையை நீட்டும்போது முழங்கை வரை வர வேண்டும் என்றும் சொல்கிறது. பட்டையைக் கொடுத்துவிட்டு அதன்மேல் போர்வையும் போர்த்தினால் எப்படி? அந்தக் காலத்து சார்ஜன்ட்டுகளுக்கும் இதே தொல்லை இருந்தது. அதனால் கேப்புக்குக் கீழே கண்ணில் படும்படி முழங்கைக்குக் கீழே தைத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆக, உங்கள் நண்பர் சொல்வதும் தவறில்லை. விதிப்புத்தகத்தின்படி அணிவகுத்து நிற்கும் குழுவாக இருந்தால் மேலே தையுங்கள். களத்தில், குளிரில் நிற்கும் படையைக் காட்டுகிறீர்கள் என்றால் நான் கீழேதான் தைப்பேன். யார் சார்ஜன்ட் என்று தெரியாமல் போனால் பட்டை எதற்கு? எதுவானாலும் குழு முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும்.

கோட் எந்த ரகம் என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை வரிசைப் பொத்தான் என்றால் காலாட்படைக்கானது. இரட்டை வரிசை என்றால் குதிரைப்படைக் கோட். அதன் கேப் மணிக்கட்டு மடிப்பு வரை இறங்கும். அதில் கீழே தைத்தாலும் பட்டை மறைந்துதான் போகும். பார்க்கப் பகட்டாக இருக்கிறதே என்று காலாட்படைக்காரர்கள் அதை வாங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பட்டையை வாங்கும்போது இரண்டு விஷயம். காலாட்படைப் பட்டை இளநீலம், உங்கள் கோட் வானநீலம். வெறும் நாடாவைத் தைத்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அடர்நீலக் கம்பளித் துணிமேல் தைத்த பட்டையாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, சாதாரண சார்ஜன்ட்டுக்குக் கம்பளி நாடாதான். பட்டு நாடா சார்ஜன்ட் மேஜர், குவார்ட்டர்மாஸ்டர் சார்ஜன்ட், ஆர்ட்னன்ஸ் சார்ஜன்ட் ஆகியோருக்கு உரியது. உயர்ந்த ரகம் என்று சொல்லிப் பட்டுப் பட்டையை அதிக விலைக்குக் காட்டினால், காசையும் கொடுத்துத் தப்பான பதவியையும் வாங்கிக்கொள்வீர்கள்.

இனி, விற்றவரிடம் ஏன் தைக்கக் கொடுக்கக் கூடாது? உங்கள் முழங்கை எங்கே மடங்கும் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே போடும் சீருடைக் கோட்டையும் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஓவர்கோட்டை மாட்டி, துப்பாக்கியைத் தோளில் சாத்திப் பார்த்த பிறகுதான் சரியான இடம் தெரியும். முதலில் நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டுக் கடைக்காரரையே தைக்கவிட்டேன். இடது கைப் பட்டை வலது கையைவிட ஓர் அங்குலம் கீழே வந்து நின்றது. ‘வாடிக்கையாளர் கேட்டபடி மாற்றிய பொருள்’ என்று சொல்லித் திரும்ப எடுக்கவும் மறுத்துவிட்டார். பிரித்து எடுத்த பிறகும் பழைய பட்டையின் தடம் அந்தக் கம்பளியில் இன்னும் இருக்கிறது.

கேள்வி: அதே போரில் கேப்டன் வேடம் எனக்கு. தோளில் வைக்கும் பதவிப் பட்டைகளை ஓவர்கோட்டின் தோளிலும் தைத்து விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அதிகாரிகளின் ஓவர்கோட்டுக்கு விதி வேறு. அது அடர்நீலத் துணி. முன்பக்கம் கறுப்புப் பட்டுக் கயிற்றால் மூடுவது. பதவி தெரிவது தோளில் இல்லை, கையில். தட்டையான கறுப்புப் பட்டு நாடாவை முடிச்சுபோல வளைத்துத் தைப்பார்கள். கர்னலுக்கு ஐந்து நாடா, லெப்டினன்ட் கர்னலுக்கு நான்கு, மேஜருக்கு மூன்று, கேப்டனுக்கு இரண்டு, முதல்நிலை லெப்டினன்ட்டுக்கு ஒன்று. இரண்டாம்நிலை லெப்டினன்ட்டின் கை வெறுமையாகவே இருக்கும்.

நீங்கள் காட்டும் காலம் போரின் கடைசிக் கட்டமா? அப்படியென்றால் பணம் மிச்சம். 1864 நவம்பரில் வந்த உத்தரவு, களத்தில் இருக்கும் அதிகாரிகள் தங்கள் வீரர்களுடையதைப் போன்ற ஓவர்கோட்டையே அணியலாம், அதில் அலங்காரம் எதுவும் கட்டாயமில்லை என்று சொன்னது. சாதாரண வானநீலக் கோட்டை வாங்கி அப்படியே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் ஸ்டாலின்கிராட் சண்டையைக் காட்டும் நிகழ்ச்சிக்காகச் சோவியத் செஞ்சேனை லெப்டினன்ட்டின் ஓவர்கோட் வாங்கினேன். ‘முழு செட்’ என்று கழுத்துப்பட்டையில் சாய்சதுரத் துணி வில்லை, தோளில் பதவியைக் காட்டும் விறைப்பான பலகை இரண்டையும் வைத்தே அனுப்பியிருக்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை. இரண்டு வெவ்வேறு காலத்தை ஒரே கோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். செஞ்சேனையில் தோள்பலகை 1943 ஜனவரியில்தான் வந்தது. பிப்ரவரி 1 முதல் 15க்குள் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மன் படையின் கடைசிப் பகுதி சரணடைந்தது பிப்ரவரி 2. ஆகவே உங்கள் லெப்டினன்ட்டுக்குத் தோள்பலகை வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

பழைய முறையில் பதவி கழுத்து வில்லையில் இருந்தது. மேற்சட்டையில் அது நீண்ட இணைகரமாக இருக்கும், ஓவர்கோட்டில் சாய்சதுரமாக இருக்கும். சட்டைக்கான வில்லையைக் கோட்டில் தைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. லெப்டினன்ட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு சதுரங்கள். 1941 ஆகஸ்டிலிருந்து முன்னணிப் படைகளுக்குக் காக்கி வில்லை வந்தது. பளிச்சென்ற நிறம் வந்திருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள்.

1943க்குப் பிறகு கோட்டின் கழுத்து வில்லை போய்விடவில்லை. வடிவம் மாறி, ஒரு பொத்தானோடு, பதவிக்குறி இல்லாமல் நின்றது. விற்றவர் அதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு இந்த செட்டைக் கட்டியிருக்கலாம்.

கேள்வி: ‘காலத்துக்குப் பொருத்தமானது’ என்று எழுதி விற்ற கோட்டில் பட்டை தப்பாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்தச் சொல்லை மட்டும் வைத்து வாதாடுவது கஷ்டம். வாங்கும் முன்பே நாடு, ஆண்டு, படைப்பிரிவு, பதவி நான்கையும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். ‘1862, காலாட்படை, சார்ஜன்ட்’ என்று அவரே ஒப்புக்கொண்டு அனுப்பியது வேறாக இருந்தால், பொருள் விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று உறுதியாகக் கேட்கலாம். வந்த கோட் சரிதானா என்று பார்க்கும்வரை அதில் ஊசி படக் கூடாது.